கொறட்டை நின்னுபோற அந்த இருபது செகண்டுல தொண்டைக்குள்ள என்ன நடக்குது?

போன தை மாசம் காரைக்குடி பக்கத்துல பள்ளத்தூர்ல எங்க ஆயா வீட்டுல ஐயாவுக்கு, அதாவது எங்க தாத்தாவுக்கு, எழுபது வயசு பீமரத சாந்தி. பங்காளிக, தாயபுள்ளைகன்னு வீடு கொள்ளாத கூட்டம், ராத்திரி படுக்க அறை பத்தாம வளவு முற்றத்தைச் சுத்தி இருக்கிற பத்தியில, அதாவது தாழ்வாரத்துல, வரிசையா பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டோம். ஐயா மட்டும் வழக்கம்போல பட்டாலைக் கூடத்துல கட்டில்ல. இந்தப் பழைய வீடுகள்ல சுவர் எல்லாம் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் போட்டு இழைச்சு வழுவழுன்னு இருக்குமா, ஒரு சத்தம் கெளம்புனா வளவு முழுக்க சுத்தி வந்துதான் அடங்கும், அதனால ஐயாவோட கொறட்டை எங்க எல்லாருக்கும் தலைமாட்டுலயே கேட்டுச்சு. மணி பதினொண்ணு இருக்கும். நல்லா ஏறிக்கிட்டே போன கொறட்டை திடீர்னு நின்னுச்சு. அப்பாடான்னு கண்ண மூடுனேன். ஆனா அடுத்த மூச்சு வரவே இல்ல. போனை எடுத்து செகண்டை எண்ண ஆரம்பிச்சேன், பத்து, பதினஞ்சு, இருபது, இருபத்திரெண்டுல "ஹக்"னு, கம்மாத் தண்ணிக்குள்ள முங்கிட்டு எந்திரிச்சவுக மாதிரி ஒரு இழுப்பு, உடம்பே ஒரு தடவ தூக்கிப்போட்டுச்சு, அப்புறம் திரும்பவும் கொறட்டை. ஒரு நிமிஷம்கூட ஆகல, மறுபடி நின்னுபோச்சு.

பக்கத்துல படுத்திருந்த ஆயாவை எழுப்புனேன். "அவுக அசந்து தூங்குறாக, நாப்பது வருசமா இப்படித்தான், நீ பேசாமப் படு ஆத்தா"ன்னாக.

எனக்குத் தூக்கம் வரல. நான் மதுரையில ஒரு ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ டெக்னீஷியன். கழுத்து ஸ்கேன் எத்தனையோ எடுத்திருக்கேன், நாக்கு எங்க இருக்கு, மூச்சுப்பாதை எங்க குறுகுதுன்னு கன்சோல்ல தினமும் பாக்குறவ. ஆனா சொந்த ஐயாவோட தொண்டை ராத்திரி முழுக்க மூடி மூடித் தெறக்குதுன்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தோணல. அதுக்கப்புறம் இதைப் பத்தி தேடித் தேடிப் படிச்சேன், எங்க டாக்டர்ககிட்ட கேட்டேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்சதை, டாக்டர் பாஷை இல்லாம, நம்ம வீட்டு ஆளுகளுக்குச் சொல்ற மாதிரி எழுதுறேன். ஏன்னா "அசந்து தூங்குறாக"ங்கிற அந்த ஒரு வார்த்தை நம்ம பக்கம் எத்தனை வீட்டுல எத்தனை பேரை டாக்டர்கிட்ட போகவிடாம வச்சிருக்குன்னு நெனச்சா மனசு கேக்க மாட்டேங்குது.

இதுக்குப் பேரு ஸ்லீப் ஆப்னியா. ஆப்னியான்னா மூச்சு இல்லாம இருக்கிறது, கிரேக்க மொழியில இருந்து வந்த வார்த்தை. தூங்கும்போது மூச்சுக்காத்து 10 செகண்டோ அதுக்கு மேலயோ நின்னா அது ஒரு ஆப்னியா. முழுசா நிக்காம காத்தோட்டம் நல்லா கொறஞ்சு, அதோட ரத்தத்துல ஆக்சிஜன் எறங்குனாலோ தூக்கம் கலைஞ்சாலோ அதுக்கு ஹைப்பாப்னியான்னு பேரு. இதுலயே ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, மூச்சு விடுன்னு மூளை உத்தரவு குடுக்கவே மறந்துபோறது, அது கொஞ்சம் அபூர்வம். இன்னொண்ணு, மூளை உத்தரவு குடுக்குது, நெஞ்சும் வயிறும் முட்டி மோதி இழுக்குது, ஆனா தொண்டை அடைச்சுக்கிட்டதால காத்து உள்ள போகல. இதுதான் அடைப்பு வகை, பெரும்பாலானவங்களுக்கு இருக்கிறது இதுதான், ஐயாவுக்கும் இதுதான். அன்னிக்கு ராத்திரி எந்திரிச்சுப் போய் கட்டில் பக்கத்துல நின்னு பார்த்தேன், ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்துல, மூச்சு நின்ன நேரத்துலயும் வயிறு மேல ஏறி நெஞ்சு உள்ள போறதும், நெஞ்சு ஏறி வயிறு உள்ள போறதுமா ஊஞ்சல் மாதிரி மாறி மாறி ஆடுச்சு. வாய் தெறந்துதான் இருக்கு. காத்து மட்டும் இல்ல.

சரி, தொண்டை ஏன் அடைக்கணும்? இதுக்கு நம்ம மூச்சுப்பாதை எப்படிக் கட்டியிருக்குன்னு பாக்கணும்.

மூக்குக்குள்ள எலும்பும் குருத்தெலும்பும் இருக்கு, அது லேசுல மடங்காது. குரல்வளைக்குக் கீழ மூச்சுக்குழாய்ல குருத்தெலும்பு வளையம் வளையமா இருக்கு, அதுவும் மடங்காது. இது ரெண்டுக்கும் நடுவுல, அண்ணாக்குக்கு, அதாவது வாயோட மேல்கூரையில பின்பக்கம் மெத்துன்னு இருக்கிற பகுதிக்குப் பின்னாடி தொடங்கி நாக்கோட அடிப்பகுதி வழியா குரல்வளை வரைக்கும் ஒரு சாண்கூட இல்லாத ஒரு நீளம் இருக்கு பாருங்க, அதைப் பிடிச்சு நிறுத்த எலும்பே கிடையாது. அங்க இருக்கிற ஒரே எலும்பு நாக்குக்கு அடியில இருக்கிற ஹையாய்டு எலும்பு, அதுவும் வேற எந்த எலும்போடயும் மூட்டு போடாம தசையிலயும் நார்லயும் தொங்கிக்கிட்டு இருக்கு. பேசுறதுக்கும் முழுங்குறதுக்கும் அந்த இடம் வளைஞ்சு நெளிஞ்சு குடுக்கணும், அதனால அது மெத்துன்னுதான் இருந்தாகணும். மனுசனுக்குக் குரல்வளை பெரும்பாலான மிருகங்களைவிட கீழ எறங்கி இருக்கிறதால இந்த மெத்துன்னு இருக்கிற பகுதி நமக்குக் கொஞ்சம் நீளம், நாம இவ்வளவு தெளிவாப் பேசுறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க.

நம்ம வளவுக்கூரை தேக்குத் தூண்ல நிக்குது, யாரும் பிடிக்க வேண்டியதில்ல. ஆனா கல்யாணத்துக்கு வாசல்ல துணிப்பந்தல் போடுறோமே, அது நாலு பக்கமும் கயித்தை இழுத்துக் கட்டுனாத்தான் நிக்கும். தொண்டையில அந்த நடுப்பகுதி துணிப்பந்தல். கயிறா இருக்கிறது தசைக. அதுல முக்கியமான தசை, தாடையெலும்போட உள்பக்கத்துல இருந்து கெளம்பி விசிறி மாதிரி விரிஞ்சு நாக்குக்குள்ள போற ஜீனியோகுளாசஸ், அதுதான் நாக்கை முன்னாடி இழுத்துப் பிடிக்குது. முழிச்சிருக்கும்போது ஒவ்வொரு தடவ மூச்சை உள்ள இழுக்குறப்பவும் அந்தத் தசை ஒரு கணம் முன்கூட்டியே இறுகி வழிய தெறந்து வைக்குது, நமக்கே தெரியாம. தொண்டை குறுகலா இருக்கிறவங்களுக்கு இந்தத் தசை பகல்ல மத்தவங்களைவிட அதிகமாவே வேலை செய்யுதுன்னு அளந்து பார்த்திருக்காங்க. அதனாலதான் பகல்ல அவங்களுக்கு ஒரு கொறையும் தெரியறதில்ல. தூங்குன உடனே கயிறு தளருது, கனவு வர்ற தூக்கத்துல ரொம்பவே தளருது, மல்லாந்து படுத்திருந்தா நாக்கு தன் கனத்துல பின்னாடி சரியுது.

பேப்பர் ஸ்ட்ராவுல கெட்டியான ரோஸ் மில்க் உறிஞ்சுறப்ப என்ன ஆகும், ஸ்ட்ரா நனைஞ்சு தளர்ந்திருந்தா நீங்க உறிஞ்ச உறிஞ்ச அது தட்டையா ஒட்டிக்கும், ஒட்டுன பெறகு எவ்வளவு பலமா உறிஞ்சினாலும் இன்னும் இறுக்கமாத்தான் ஒட்டும். தொண்டையிலயும் அதேதான். குழாய் பாதி அகலமா குறுகுனா காத்துக்குத் தடை ரெண்டு மடங்கு ஆகுறதில்ல, சீரா ஓடுற காத்துக் கணக்குல 16 மடங்கு ஆகுது, அதனால நெஞ்சு இன்னும் பலமா இழுக்குது, இழுக்க இழுக்க சுவர் இன்னும் உள்ள வருது. குறுகுன இடத்துல காத்து போறப்ப அண்ணாக்கு, உள்நாக்கு எல்லாம் படபடன்னு அடிச்சுக்குறதுதான் கொறட்டை. அது முழுசா ஒட்டிக்கிட்டா சத்தம் நின்னுபோகும். கொறட்டை கேக்குற வரைக்கும் கொஞ்சமாவது காத்து போகுதுன்னு அர்த்தம், கொறட்டை நடுவுல நின்னு அமைதியாகுற நேரம்தான் மோசமான நேரம். இதை நாம தலைகீழா புரிஞ்சு வச்சிருக்கோம்.

அப்புறம் என்ன ஆகுது, ஆக்சிஜன் எறங்குது, கரியமிலவாயு ஏறுது, நெஞ்சு இழுக்குற இழுப்பு கூடிக்கிட்டே போகுது, ஒரு கட்டத்துல மூளை பதறி ஒரு சில செகண்டுக்கு ஆளை எழுப்பி விடுது. கண்ணு தெறக்கணும்னு இல்ல, காலையில அது ஞாபகமும் இருக்காது. தசை இறுகும், வழி தெறக்கும், "ஹக்"னு இழுப்பு, திரும்பத் தூக்கம், திரும்ப அடைப்பு. ஒரு மணி நேரத்துக்கு இப்படி எத்தனை தடவைங்கிற கணக்குதான் ஏஹெச்ஐ. பெரியவங்களுக்கு 5க்கு கீழ இருந்தா சரி, 5ல இருந்து 15 வரைக்கும் லேசானது, 15ல இருந்து 30 நடுத்தரம், 30 தாண்டுனா கடுமையானது. முப்பதுன்னா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ யாரோ வந்து தோளைத் தட்டி எழுப்புற மாதிரி, ராத்திரி முழுக்க. ஒவ்வொரு தடவையும் பதட்டத்துக்கான ஹார்மோன் சுரந்து பிரஷர் ஏறுது. மூணு மாத்திரை போட்டும் பிரஷர் எறங்காம இருக்கிறவங்கள்ல நெறைய பேருக்கு அடியில இது இருக்கு. ராத்திரி மூணு நாலு தடவ ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறதுக்கும் இது ஒரு காரணம், அடைச்ச தொண்டையை எதிர்த்து இழுக்குறப்ப நெஞ்சுக்குள்ள உண்டாகுற உறிஞ்சல்ல இதயத்தோட மேலறை விரிஞ்சு, உப்பையும் தண்ணியையும் வெளியேத்தச் சொல்லி ஒரு ஹார்மோனை விடுது, நாம சுகர்தான் காரணம்னு நெனச்சுக்கிட்டு இருப்போம். காலையில தலைவலி, வாய் உலர்ந்து போறது, பகல்ல உக்காந்த எடத்துல தூங்கி விழுறது. ஐயா பந்தியில இலை முன்னாடி உக்காந்தபடியே தூங்கினதைப் பார்த்து எல்லாரும் வயசுன்னாக. அவுக அதே கண்ணோட காரைக்குடியில இருந்து திருச்சி வரைக்கும் கார் ஓட்டிக்கிட்டு இருந்தாக, அதை நெனச்சா இப்பவும் எனக்குக் கை நடுங்குது.

இது ஏதோ நம்ம குடும்பத்துக்கு மட்டும் வந்ததுன்னு நெனக்க வேண்டாம். 2019ல வந்த ஒரு கணக்குப்படி உலகத்துல 30 வயசுல இருந்து 69 வயசுக்குள்ள சுமார் 93 கோடியே 60 லட்சம் பேருக்கு லேசாவாவது இது இருக்கலாம்.

இனிமே எனக்குப் பிடிச்ச பகுதிக்கு வர்றேன், அதாவது படம் எடுத்துப் பார்த்தவங்க கதை. எல்லாருக்கும் தூக்கத்துல தசை தளருது, ஆனா எல்லாருக்கும் தொண்டை மூடிக்கிறதில்லயே, அப்ப மூடுறவங்க தொண்டையில என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியோட பல வருஷமா உக்காந்தவங்கள்ல ஒருத்தர் ரிச்சர்ட் ஷ்வாப், அமெரிக்காவுல பிலடெல்பியாவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல தூக்க மருத்துவம் பார்க்குற டாக்டர், ஆராய்ச்சியும் பண்றவர். அவருக்கு முன்னாடி பெரும்பாலும் பக்கவாட்டு எக்ஸ்ரேதான் எடுப்பாங்க. தாடை எவ்வளவு உள்வாங்கி இருக்கு, ஹையாய்டு எலும்பு எவ்வளவு கீழ எறங்கி இருக்குன்னு அதுல அளக்கலாம், அது இன்னிக்கும் உதவுது. ஆனா எக்ஸ்ரே தட்டையான நிழல், முன்னாடி பின்னாடி தூரம் தெரியும், இடது வலது தெரியாது. சிடி ஸ்கேன்ல குறுக்கு வெட்டாப் பார்க்கலாம், ஆனா கதிர்வீச்சு இருக்கு, சும்மா திரும்பத் திரும்ப எடுக்க முடியாது. எம்ஆர்ஐல கதிர்வீச்சு கிடையாது, அதுவும் இல்லாம தசை வேற, கொழுப்பு வேறன்னு பிரிச்சுக் காட்டும். ஷ்வாப்பும் அவர் கூட்டமும் அதைத்தான் பிடிச்சாங்க.

எங்க கன்சோல்ல இது எப்படித் தெரியும்னு சொல்றேன். ஆளை மல்லாக்கப் படுக்க வச்சு தலைக்கும் கழுத்துக்கும் காயில்னு சொல்ற, சிக்னலை வாங்குற கூண்டை மாட்டிட்டு, "மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுங்க, எச்சில் முழுங்காதீங்க"ன்னு மைக்ல சொல்லுவோம், ஒரு தடவ முழுங்குனாலும் அந்த ஸ்லைஸ், அதாவது அந்த ஒரு வெட்டுப் படம், கலங்கிப்போகும். நட்ட நடுவுல நெடுக்கு வெட்டா எடுத்த படத்துல நாக்கு ஒரு பெரிய மாங்காய் மாதிரி வாயை அடைச்சுக்கிட்டு இருக்கும், அதுக்குப் பின்னாடி மேல இருந்து கீழ ஒரு கறுப்புக் கோடு எறங்கும், அதுதான் மூச்சு போற வழி, காத்துக்கு எம்ஆர்ஐல சிக்னல் கிடையாது அதனால கறுப்பு. அந்தக் கோடு அண்ணாக்குக்குப் பின்னாடி வர்றப்ப மெலிஞ்சு நூலாப் போகும், பெரும்பாலானவங்களுக்கு மொதல்ல அடைக்கிற எடமும் அதுதான். அதே எடத்துல குறுக்கு வெட்டாப் பார்த்தா வழி ஒரு கறுப்பு ஓட்டையாத் தெரியும், நல்லா இருக்கிறவங்களுக்கு அது இடது வலதா அகலமா, ஒரு கண்ணு மாதிரி இருக்கும். ஆப்னியா இருக்கிறவங்களுக்கு ரெண்டு பக்கச் சுவரும் உள்ள தள்ளி, அந்த ஓட்டை முன்னாடி பின்னாடியா நீண்டு ஒரு சந்து மாதிரி ஆகியிருக்கும்.

இதைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, ஏன்னா நாக்கு பின்னாடி விழுந்துதான் அடைக்குதுன்னு நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். 1995ல ஷ்வாப் குழு எழுதுன கட்டுரையில, வழி குறுகுறதுக்கு முக்கியமான காரணமா அவங்க காட்டுனது பக்கச் சுவரோட தடிப்பு. 2003ல ஆப்னியா இருக்கிற 48 பேரையும் இல்லாத 48 பேரையும் படம் எடுத்து, நாக்கு எத்தனை கன சென்டிமீட்டர், பக்கச் சுவர் எத்தனை, அண்ணாக்கு எத்தனைன்னு ஸ்லைஸ் ஸ்லைஸா வரைஞ்சு கூட்டி ஒப்பிட்டாங்க. ஆப்னியா இருக்கிறவங்களுக்கு நாக்கும் பக்கச் சுவரும் பெருசு. இந்த அளவுக குடும்பத்துலயே வழிவழியா வருதுன்னும் அப்புறம் காட்டுனாங்க, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிகளையும் படம் எடுத்துப் பார்த்து. ஐயாவோட தம்பியும் இதே மாதிரிதான் தூங்குறாகன்னு ஆயா சொன்னது எனக்கு அங்க ஞாபகம் வந்துச்சு.

அப்ப ஒல்லியா இருக்கிறவங்களுக்கு வராதா? வரும். நம்ம வீட்டு உள்ளறையில இருக்குமே பெட்டகம், அதை நெனச்சுக்கோங்க. பெட்டகம் பெருசா இருந்து சாமான் நெறைய இருந்தாலும் காத்துக்கு எடம் இருக்கும், பெட்டகமே சின்னதா இருந்தா கொஞ்சம் சாமான் வச்சாலே நெருக்கடிதான். இங்க பெட்டகம்னா மேல்தாடையும் கீழ்தாடையும் சேர்ந்த எலும்புக்கூடு, சாமான்னா நாக்கும் அண்ணாக்கும் சதையும். ஜப்பான்ல சீபா பல்கலைக்கழகத்துல மயக்க மருந்து டாக்டரா இருந்த ஷிரோ இசோனோ இதைத்தான் சமநிலைன்னு விளக்குனாரு. அவரு 1997ல செஞ்ச சோதனையும் பெருசு: மயக்க மருந்து குடுத்து தசையை முழுசா செயலிழக்க வச்சு, அதாவது கயித்தை எல்லாம் அவிழ்த்துவிட்டுட்டு, குழாய் கேமரா வழியா வெறும் பந்தலை மட்டும் பார்த்தாரு. ஆப்னியா இருக்கிறவங்களோட தொண்டை அப்ப மத்தவங்களதைவிட குறுகலாவும் சீக்கிரம் மூடிக்கிறதாவும் இருந்துச்சு. அப்ப கட்டுமானத்துலயே வித்தியாசம் இருக்குன்னு உறுதியாச்சு. தாடை உள்வாங்குன ஒல்லியான ஆளுக்கும் இது வர்றது இதனாலதான், கழுத்து மெலிசா இருக்கேன்னு விட்டுடக் கூடாது.

இப்ப நாக்குக் கொழுப்பு. நாக்குல கொழுப்பு இருக்கும்னே நம்மள்ல நெறைய பேரு நெனச்சிருக்க மாட்டோம். எம்ஆர்ஐல கொழுப்பைத் தனியாப் பிரிக்க டிக்சன்னு ஒரு முறை இருக்கு, 1984ல வந்தது. அது எப்படின்னா, தண்ணியில இருக்கிற ஹைட்ரஜனும் கொழுப்புல இருக்கிற ஹைட்ரஜனும் காந்தத்துக்குள்ள கிட்டத்தட்ட ஒரே வேகத்துல சுத்தும், ஆனா துளி வித்தியாசம் உண்டு, 1.5 டெஸ்லா காந்த பலம் இருக்கிற மெஷின்ல செகண்டுக்கு சுமார் 220 சுத்து. கோயில்ல ரெண்டு நாயனம் மயிரிழை சுருதி வித்தியாசத்துல ஒண்ணா ஊதுனா சத்தம் ஏறி எறங்கி ஏறி எறங்கி அலையும் பாருங்க, ரெண்டும் சேர்ற கணத்துல கூடும், எதிரா போற கணத்துல கொறையும். மெஷின் அந்தச் சேர்ற கணத்துல ஒரு படம், எதிரா போற கணத்துல ஒரு படம் எடுக்கும். ரெண்டையும் கூட்டுனா தண்ணி மட்டும், கழிச்சா கொழுப்பு மட்டும். அந்தக் கொழுப்புப் படத்துல நாக்கைப் பார்த்தா, அடிப்பக்கத்துல வெள்ளை வெள்ளையாத் தெரியும், தசைநாருக்கு ஊடால போகும், ஆட்டுக்கறியில கொழுப்பு ஓடுற மாதிரியேதான்.

2014ல ஷ்வாப் குழு, உடம்பு கனமா இருக்கிறவங்களை மட்டும் எடுத்து, அதுல ஆப்னியா இருக்கிற 90 பேரையும் இல்லாத 31 பேரையும் ஒப்பிட்டாங்க. ரெண்டு பக்கமும் கனமானவங்கதான், ஆனா ஆப்னியா இருக்கிறவங்க நாக்குல கொழுப்பு அதிகம், அதுவும் நாக்கோட அடிப்பகுதியில. அப்புறம் 2020ல இன்னொரு படி. 67 பேரு, எல்லாரும் உடம்பு கனமானவங்க, உணவுக் கட்டுப்பாட்டுலயோ அறுவை சிகிச்சையிலயோ ஆறு மாசத்துல சராசரியா உடம்பு எடையில கிட்டத்தட்ட பத்து சதவீதம் கொறைச்சாங்க. முன்னாடி ஒரு எம்ஆர்ஐ, பின்னாடி ஒரு எம்ஆர்ஐ. ஆப்னியா கணக்கு மொத்தத்துல 31 சதவீதம் கொறஞ்சுச்சு, தொண்டையில எது கொறஞ்சதால இது நடந்துச்சுன்னு பிரிச்சுப் பார்த்தா முக்கியமா நாக்குக் கொழுப்பு கொறஞ்சது. "வெயிட் கொறைங்க"ன்னு டாக்டர் சொல்றப்ப நமக்கு ஏதோ பொதுவா எல்லாருக்கும் சொல்ற புத்திமதி மாதிரிதான் காதுல விழும், ஆனா தொப்பையோட சேர்ந்து நாக்கும் இளைக்குது, அந்த இளைப்புதான் ராத்திரி வழி விடுதுன்னு படத்தோட பார்த்தா அதுக்கு வேற அர்த்தம் வருது. ஐயாவுக்கு நான் அப்படித்தான் சொன்னேன், அப்பதான் அவுக நின்னு கேட்டாக.

ஆனா ஒண்ணு தெளிவாச் சொல்லிடணும். எம்ஆர்ஐ எடுத்து ஸ்லீப் ஆப்னியாவைக் கண்டுபிடிக்கிறதில்ல. நான் சொன்ன படங்க எல்லாம் ஏன் வருதுன்னு புரிஞ்சுக்க ஆராய்ச்சிக்கு எடுத்தது. யாராவது இதுக்காக மொதல்லயே ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னா, ஸ்கேன் எடுக்குற நானே சொல்றேன், ஏன்னு கேளுங்க. இருக்கா இல்லையான்னு சொல்றது ஸ்லீப் ஸ்டடி, அதாவது ராத்திரி தூங்குறப்ப மூக்குல காத்தோட்டம், நெஞ்சு வயிறு அசைவு, விரல்ல ஆக்சிஜன், தேவைப்பட்டா மூளை அலை எல்லாத்தையும் பதிவு பண்றது. வீட்டுலயே செய்யுற சின்ன மெஷினும் இருக்கு. எம்ஆர்ஐக்கு இன்னொரு பெரிய கஷ்டம், நாம எடுக்குறது முழிச்சிருக்கிற ஆளோட தொண்டையை, அடைக்கிறது தூங்குற ஆளோட தொண்டை. அந்த டங்கு டங்குன்னு அடிக்கிற சத்தத்துல எத்தனை பேரு தூங்குவாங்க? அதனால ஆபரேஷன் யோசிக்கிற ஆளுகளுக்கு வேற வழி வச்சிருக்காங்க, லேசா மயக்க மருந்து குடுத்து தூங்க வச்சு மூக்கு வழியா மெலிசான கேமராவை விட்டு எந்த எடம் எப்படி மூடுதுன்னு நேரடியாப் பார்க்குறது. 1991ல இங்கிலாந்துல தொடங்குனது. அண்ணாக்கு, பக்கச் சுவர், நாக்கு அடி, குரல்வளை மூடின்னு நாலு எடத்தையும் பார்த்துக் குறிப்பாங்க.

வாய்க்குள்ள வெறுங்கண்ணால பார்க்குற ஒரு முறையும் உண்டு. வாயைப் பெருசாத் தெறந்து நாக்கை நீட்டுனா உள்நாக்கு முழுசாத் தெரியுதா, பாதி தெரியுதா, தெரியவே இல்லையான்னு தரம் பிரிக்கிறது. அதுக்கு மல்லம்பட்டி தரம்னு பேரு. ஆந்திராவுல பொறந்து பாஸ்டன்ல மயக்க மருந்து டாக்டரா இருந்த சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985ல எழுதுனது, மயக்கம் குடுக்குறப்ப தொண்டையில குழாய் விடுறது கஷ்டமா இருக்குமான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கத்தான் அவரு அதைச் செஞ்சாரு, இன்னிக்குத் தூக்க டாக்டர்களும் அதைப் பார்க்குறாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு நீங்களே பார்க்கலாம், ஆனா உள்நாக்கு தெரியுறதால உங்களுக்கு இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

வைத்தியத்துல முதல்ல வர்றது சிபேப் மெஷின். 1981ல ஆஸ்திரேலியாவுல சிட்னியில காலின் சல்லிவன்ங்கிற டாக்டர் அஞ்சு பேருக்கு இதைச் செஞ்சு காட்டுனாரு, ஆரம்பத்துல வாக்குவம் க்ளீனர் மோட்டாரைத்தான் திருப்பி வச்சு காத்து ஊத விட்டாரு. பலரும் இதை ஆக்சிஜன் மெஷின்னு நெனச்சுப் பயப்படுறாங்க. இதுல ஆக்சிஜன் கிடையாது, நம்ம அறையில இருக்கிற காத்துதான், அதைக் கொஞ்சம் அழுத்தத்தோட மாஸ்க் வழியா தொண்டைக்குள்ள நிரப்பி வைக்குது. பந்தலுக்குக் கயிறு தளர்ந்துபோச்சு, உள்ள இருந்து காத்து உப்பி நிக்க வைக்குது, அவ்வளவுதான். சிபேப் போட்டுக்கிட்டே எம்ஆர்ஐ எடுத்தும் பார்த்திருக்காங்க, அழுத்தம் ஏற ஏற வழி முக்கியமா இடது வலதாத்தான் விரியுது, பக்கச் சுவர் மெலியுது. திரும்பவும் பக்கச் சுவர். மத்தபடி, தாடையை முன்னாடி இழுத்து வைக்கிற பல் கிளிப் சிலருக்கு உதவும், ஒருக்களிச்சுப் படுக்குறது சிலருக்கு நல்லா உதவும், சில நாடுகள்ல நாக்கு நரம்பைத் தூண்டுற கருவியை நெஞ்சுல வைக்கிறாங்க, குழந்தைங்களுக்கா இருந்தா பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான் காரணம், எடுத்துட்டா நெறைய பேருக்குச் சரியாகிடும். குடி கூடாது, அது கயித்தை இன்னும் தளர்த்தும்.

தூக்க மாத்திரையும் அதே மாதிரிதான், இதை நான் கோவத்தோட எழுதுறேன். ஐயாவை மொதல்ல கூட்டிக்கிட்டுப் போன எடத்துல "ராத்திரி தூக்கம் சரியில்ல, பகல்ல அசதி"ன்னு சொன்னதும் மறுபேச்சு இல்லாம தூக்க மாத்திரை எழுதிட்டாங்க. கொறட்டை விடுவாகளான்னு ஒரு கேள்வி கேக்கல. மூளை பதறி எழுப்புறதாலதான் தொண்டை தெறக்குது, அந்தப் பதட்டத்தையே மாத்திரை போட்டு அமுக்குனா என்ன ஆகும்? அந்தச் சீட்டை நான் மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன், மாத்திரை வாங்கல.

ரெண்டாவது போன எடத்துல நான் போன்ல எடுத்த வீடியோவைக் காட்டுனேன். பட்டாலையில எடுத்தது, மூணு நிமிஷம், இருட்டுல ஒண்ணும் பெருசாத் தெரியாது, ஆனா சத்தம் தெளிவா இருக்கும், கொறட்டை, அமைதி, இழுப்பு. அந்த டாக்டர் அம்மா மேசைமேல போனை வச்சு, முழுசாக் கேட்டாங்க, அமைதி வந்தப்ப அவங்களும் வாட்ச்சைப் பார்த்தாங்க. அன்னிக்கே ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதுனாங்க. ரிப்போர்ட்ல ஏஹெச்ஐ 41, ஆக்சிஜன் ஒரு தடவ 74 சதவீதம் வரைக்கும் எறங்கியிருந்துச்சு. ஆயா அந்த 74ங்கிற நம்பரைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. கொரோனா நேரத்துல விரல்ல மாட்டுற மெஷினை வச்சு 94க்குக் கீழ எறங்குனா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு தெருவுக்கே சொன்னவுக அவுகதான். நாப்பது வருசமா அவுக பக்கத்துல படுத்து அந்தச் சத்தத்தை ராவு ராவாக் கேட்டவுகளும் அவுகதான்.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருந்தா மொதல்ல அந்த வீடியோவை எடுங்க. நெஞ்சும் வயிறும் தெரியற மாதிரி, ரெண்டு மூணு நிமிஷம், விடியக்காலம் மூணு நாலு மணிக்கு எடுத்தா இன்னும் நல்லது, கனவுத் தூக்கம் அப்பதான் அதிகம். போட்டுக்கிற மாத்திரைச் சீட்டு எல்லாம் எடுத்துக்கிட்டு, நுரையீரல் டாக்டர்கிட்டயோ காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயோ போங்க, கூடவே பக்கத்துல படுக்குற ஆளும் போங்க, ஏன்னா நோயாளிக்கு ஒண்ணுமே தெரியாது, பார்த்தவங்கதான் சொல்லணும். பொம்பளைங்களுக்கு வராதுன்னு விட்டுடாதீங்க, மாதவிடாய் நின்ன பெறகு அவங்களுக்கும் கூடுது, அவங்க கொறட்டையை வெளிய சொல்லவே கூச்சப்படுறாங்க.

ஐயாவுக்கு மாஸ்க் பழக மூணு வாரம் ஆச்சு. மொத ரெண்டு நாள் கழட்டிக் கழட்டி வச்சுட்டாக, மூக்குத்தண்டுல அழுத்துதுன்னாக, அளவு மாத்திக் குடுத்தோம். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன், அதே பத்தியில அதே எடத்துல படுத்தேன். பட்டாலையில இருந்து புஸ்ஸுன்னு ஒரு சன்னமான காத்துச் சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. பழக்கதோஷத்துல போனை எடுத்து செகண்டை எண்ணிக்கிட்டுக் கெடந்தேன், ஒவ்வொரு மூச்சும் நாலு செகண்டுக்கு ஒண்ணா வந்துச்சு. ஆயா இருட்டுல முழிச்சுக்கிட்டுதான் இருந்தாக. "என்னத்தா, எண்றியா? நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்"னாக.